முதல் கப்பல் வாங்குவது எப்படி? வ.உ.சி.யும் ஒரு டிக்கெட் கணக்கும்

காடாம்புலியூரிலிருந்து பேசுகிறேன். இன்னைக்கு எபிசோடு ஒரு ஷாப்பிங் கேள்வியில் ஆரம்பித்து ஒரு சிறைத் தண்டனை வரைக்கும் போகும். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

முதல் தடவையாகச் சொந்தப் படகு வாங்கப் போகிறவர்களுக்கு, அதுவும் ராத்திரி உள்ளேயே தங்கிப் பயணம் போகிற மாதிரி 'க்ரூஸர்' வகைப் படகு வாங்கப் போகிறவர்களுக்கு, அனுபவசாலிகள் எந்த ஊரில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள். முதலில், எந்தத் தண்ணியில ஓட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க, படகை அப்புறம் பார்க்கலாம். இரண்டாவது, வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்க. மூன்றாவது, பழைய படகா இருந்தா விவரம் தெரிஞ்ச ஆளை வெச்சு அடிப்பக்கத்தையும் இன்ஜினையும் சோதிச்சுப் பாருங்க. நான்காவது, விலையை மட்டும் பார்க்காதீங்க, வருஷச் செலவைப் பாருங்க. வாங்கின விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் போகும்னு தோராயமா ஒரு கணக்கு சொல்வாங்க. ஐந்தாவது, நாளைக்கு விக்கணும்னா யார் வாங்குவாங்கன்னு இன்னைக்கே யோசிங்க.

இந்த ஐந்து கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் முதல் தடவையாகக் கப்பல் வாங்கிய ஆட்களில் ரொம்பப் பிரபலமானவரைப் பார்க்கலாம் என்று தோன்றியது. வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ல் அவருக்கு வயது 34. ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், தூத்துக்குடியில் வக்கீல். கப்பல் அவருக்குத் தொழிலும் இல்லை, குடும்பச் சொத்தும் இல்லை. நம்ம பாஷையில் சொன்னால் 'ஃபர்ஸ்ட் டைம் பையர்'.

அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தது நமக்கெல்லாம் தெரியும். கப்பல் ஓட்டினார், செக்கிழுத்தார். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனி எப்படித் தோற்றது என்பதுதான் இன்றைய விஷயம். அவர் தப்பான கப்பலை வாங்கினாரா? இல்லை, சரியான கப்பலை வாங்கியும் தோற்றாரா?

எந்தத் தண்ணீர்?

முதல் கேள்வியில் வ.உ.சி.க்கு நூற்றுக்கு நூறு போடலாம். அவர் தேர்ந்தெடுத்தது தூத்துக்குடி – கொழும்பு. கடல் வழியில் சுமார் 150 கடல் மைல். அந்தக் கால நீராவிக் கப்பலுக்கு ஏறக்குறைய ஒரு ராத்திரிப் பயணம்.

நம்ம பண்ருட்டிப் பக்கம் ஒருத்தர் முதல் லாரி வாங்குகிறார் என்றால், வண்டி என்ன கம்பெனி என்பதற்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்பார்கள்: "ரிட்டர்ன் லோடு இருக்கா?" பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போன வண்டி காலியாகத் திரும்பி வந்தால், போன லாபம் வந்த டீசலில் போய்விடும். தூத்துக்குடி – கொழும்பு வழியில் ரிட்டர்ன் லோடு இருந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளர்கள், ஊருக்குத் திரும்புகிறவர்கள், இரண்டு பக்கமும் கடை வைத்திருந்த வியாபாரிகள், அரிசி, துணி, மளிகைச் சரக்கு என்று வருஷம் முழுக்கப் போக்குவரத்து. வியாபாரிகள் நம்ம ஆட்கள், பயணிகள் நம்ம ஆட்கள், சரக்கு நம்ம சரக்கு. கப்பல் மட்டும் வெள்ளைக்காரனுடையது.

அந்தக் கப்பல் கம்பெனியின் பெயர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. 1856-ல் கல்கத்தா – பர்மா வழியில் வேறு பெயரில் தொடங்கி, 1862-ல் இந்தப் பெயருக்கு வந்தது. நாம் பேசுகிற காலத்தில் அவர்களிடம் சுமார் நூறு கப்பல்கள். இந்தியக் கடற்கரை, பர்மா, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பல வழிகள். தூத்துக்குடி – கொழும்பு அதில் ஒரு கிளை, அவ்வளவுதான். 'நூறு' என்கிற இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

இன்னொரு விஷயம். அன்றைக்குத் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கே வந்து நிற்காது. ஆழம் போதாது. கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் சின்ன நீராவிப் படகிலோ தோணியிலோ போய் ஏற வேண்டும். கடலூர் துறைமுகத்தின் கதையும் இதுதான். பழைய ஊரில் உப்பனாற்றுக் கரையில் துறைமுகம் இருந்தாலும் பெரிய கப்பல் வெளியே கடலில் நின்று, படகு வழியாகத்தான் சரக்கு மாற்றும். ஆக, ஒரு கப்பல் வாங்கினால் கப்பல் மட்டும் போதாது. தோணி வேண்டும், தோணிக்காரர் வேண்டும், துறைமுக அதிகாரி கையெழுத்து வேண்டும், சுகாதாரப் பரிசோதனை செய்கிற டாக்டர் நேரத்துக்கு வர வேண்டும். இதில் கடைசி இரண்டும் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக்கு எடுத்துப் பார்த்தாரா?

பார்த்தார். இது பலருக்குத் தெரியாத பகுதி.

சுதேசி நாவாய்ச் சங்கம், ஆங்கிலத்தில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, 1906 அக்டோபர் 16-ல் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வியாபாரி தனி ஆளாக 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். வ.உ.சி. துணைச் செயலாளர். பதவி சின்னது, ஓட்டம் முழுக்க அவருடையது.

கம்பெனியிடம் ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். புத்திசாலித்தனமான முடிவுதான். நாங்கள் சாஃப்ட்வேரில் இதைத்தான் செய்கிறோம். புதுசா ஒரு ஆப் போடுகிறவன் முதல் நாளே சர்வர் வாங்க மாட்டான், வாடகைக்கு எடுப்பான். கூட்டம் வருதா என்று பார்ப்பான், அப்புறம் யோசிப்பான்.

ஆனால் வாடகையில் ஒரு ஆபத்து இருக்கு. கொடுத்தவன் நாளைக்குக் காலையில் "இல்லை" என்று சொன்னால் உன் கடை மூடிக்கிடக்கும். அப்படியே நடந்தது. பி.ஐ. கொடுத்த நெருக்கடியில் ஷாலைன் கம்பெனி கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. டிக்கெட் போட்டு வைத்திருந்த பயணிகளை என்ன செய்வது? வ.உ.சி. கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து ஒரு பெரிய கப்பலை வாடகைக்குப் பேசிக் கொண்டுவந்து நிலைமையைச் சமாளித்தார்.

இந்த இடத்தில்தான் 'சொந்தக் கப்பல்' என்பது ஆசை என்கிற நிலையிலிருந்து அவசியம் என்கிற நிலைக்கு வருகிறது. கௌரவத்துக்காகக் கப்பல் வாங்கினார் என்று யாராவது சொன்னால், இந்த வாடகைக் கதையைச் சொல்லுங்க. வாடகைக் கதவு அடைக்கப்பட்ட பிறகுதான் அவர் வாங்கும் கதவைத் தட்டினார். பம்பாய்க்குக் கிளம்பும்போது, திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் அங்கேயே கடலில் விழுவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

எந்தக் கப்பல்?

இப்போ மூன்றாவது கேள்வி. அதற்கு முன்னால் வங்காளத்துக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். வ.உ.சி.க்கு இருபது வருஷம் முன்னாடி இதே வேலையில் இறங்கிய இன்னொரு புது ஆள் அங்கே இருந்தார்.

ஜோதிரிந்திரநாத் தாகூர். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன். நாடகம் எழுதுவார், பியானோ வாசிப்பார், ஓவியம் வரைவார். ஏலத்தில் ஒரு கப்பலின் வெறும் கூட்டை 7,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். இன்ஜின் கிடையாது, அறைகள் கிடையாது, உடம்பு மட்டும்தான். சல்லிசா கிடைச்சுது என்ற சந்தோஷம். அப்புறம் அதற்கு இன்ஜின் போட்டு, அறை கட்டி முடிப்பதற்குள் கடன் கூட்டை நிரப்பிவிட்டது. 1884-ல் 'சரோஜினி' என்ற பெயரில் குல்னா – பரிசால் ஆற்றுவழியில் ஓட விட்டார். அங்கேயும் எதிரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, ஃப்ளோட்டில்லா என்று பெயர்.

முதல் படகு வாங்குகிறவர்கள் செய்யக்கூடாதது என்று ஒரு பட்டியல் போட்டால் ஜோதிரிந்திரநாத் வாங்கிய கூடு அதில் முதலாவதாக வரும். விலை குறைவு என்பதற்காகப் பாதிக் கப்பலை வாங்காதே.

வ.உ.சி. அப்படிச் செய்யவில்லை. அவருடைய கம்பெனி வாங்கியது முழுக் கப்பல்கள். ஒன்று எஸ்.எஸ். காலியா, பம்பாய் பயணத்தில் கிடைத்தது. இன்னொன்று எஸ்.எஸ். லாவோ, வேதமூர்த்தி என்பவர் மூலமாக பிரான்சிலிருந்து வாங்கப்பட்டது. 1907-ன் நடுவில் இரண்டும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், கூடவே 4,000 மூட்டைச் சரக்கு ஏற்றலாம் என்று கணக்கு சொல்கிறார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்க. 1,300 சாதாரண டிக்கெட்டுக்கு 42 முதல் வகுப்பு. அதாவது வாங்கினவருக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்திருக்கிறது. தோட்டத்துக்குப் போகிற கூலி ஆள்தான் இந்த வழியின் உயிர். அவருக்கு ஏற்ற கப்பல்.

இரண்டு கப்பல் வாங்கியதும் சரியான முடிவு. ஒன்று கொழும்பில் நிற்கும்போது இன்னொன்று இங்கே நிற்கும். ஒன்றுக்கு பாய்லர் வேலை வந்தாலும் சேவை நிற்காது. வாடகைக் கப்பல் ஒரே நாளில் காணாமல் போன அனுபவம் உள்ள ஆள் ஒரே ஒரு கப்பலை நம்பி உட்கார மாட்டார் இல்லையா?

ஆக மூன்று கேள்விகள் முடிந்தன. வழி சரி. வாடகைக்கு ஓட்டிப் பார்த்ததும் சரி. கப்பலும் சரி. இனிமேல்தான் சிக்கல்.

ஓட்டுகிற செலவு

படகு வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வாங்குற காசு ஒரு நாள் வலி, வெச்சிருக்கிற காசு தினசரி வலி. கடலூர் சிங்காரத்தோப்பில் ஃபைபர் படகு வைத்திருப்பவருக்கும் இது தெரியும். டீசல், வலை, இன்ஜின் ரிப்பேர், கடலுக்குப் போகாத நாட்களின் வட்டி. நீராவிக் கப்பலில் இது பல மடங்கு. நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், கேப்டனும் இன்ஜினியரும், துறைமுகக் கட்டணம், தோணிக் கூலி, அடிப்பக்கத்தில் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்ட வருஷத்துக்கு ஒரு தடவையாவது கரையேற்றுவது. அதைச் செய்யாவிட்டால் அதே தூரத்துக்கு அதிக நிலக்கரி எரியும்.

இதில் கொடுமை என்னவென்றால், 1,300 பேர் ஏறினாலும் 130 பேர் ஏறினாலும் இந்தச் செலவு ஏறக்குறைய அதேதான். எனவே கப்பல் நிரம்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிரம்ப வேண்டும்.

பி.ஐ. அடித்தது சரியாக இந்த இடத்தில். கட்டணத்தை ஒரு ரூபாயாக, அதாவது 16 அணாவாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு, 8 அணாவுக்கு இறங்கியது. உடனே பி.ஐ. இலவசம் என்றது. ஏறினால் ஒரு குடையும் சும்மா தருவதாக அறிவித்தது.

இப்போ நான் சொன்ன எட்டாம் கிளாஸ் கணக்கு. எட்டணா டிக்கெட்டில் 1,300 பேரும் ஏறினால், சாதாரண வகுப்பு வருமானம் 650 ரூபாய். பாதி நிரம்பினால் 325. ஒரு பங்கின் விலை 25 ரூபாய், அதாவது 50 டிக்கெட். இந்தக் கம்பெனியின் மொத்த மூலதனமான 10 லட்சமும் முழுசாக வசூலாகியிருந்தால்கூட, அதில் பெரும் பகுதி கப்பலுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பதை வைத்துத்தான் எட்டணாவில் ஓட்ட வேண்டும். எதிரில் இருப்பவனோ பூஜ்யம் ரூபாய்க்கு ஓட்டுகிறான்.

அவனுக்கு எப்படி முடியுது? அந்த நூறு கப்பல் ஞாபகம் இருக்கா? பி.ஐ.க்கு நஷ்டம் ஒரு கிளையில் மட்டும்தான். மற்ற வழிகளில் வருகிற லாபத்திலிருந்து குடை வாங்கித் தர முடியும். சுதேசிக் கம்பெனிக்கு இந்த ஒரு வழிதான் கிளையும், வேரும், மரமும்.

வங்காளத்திலும் இதேதான் நடந்திருந்தது. ஜோதிரிந்திரநாத்தின் கப்பல்களில் பயணிகளுக்கு இலவசப் பயணம், மேலே தின்பண்டமும் உண்டு. தம்பி ரவீந்திரநாத் பிற்பாடு தன் நினைவுகளில் அதைப் பற்றிச் சிரிப்பும் வருத்தமும் கலந்து எழுதியிருக்கிறார். தேசபக்தியில் கூட்டம் நிரம்பி வழிந்தது, கல்லாப்பெட்டிதான் நிரம்பவில்லை. அவரிடம் இருந்த 'சுதேசி' என்ற கப்பல் ஹவுரா பாலத்தில் மோதி மூழ்கியது. கடைசியில் தொழில் போட்டிக்காரர் கைக்கே போனது.

இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும். 'நம்ம ஜனங்களே குடைக்கு ஆசைப்பட்டு வெள்ளைக்காரன் கப்பலில் ஏறிவிட்டார்கள்' என்று இந்தக் கதையை முடிப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அது ஒப்புதல் இல்லை. சுதேசிக் கப்பலை ஆதரித்த பயணிகளும் வியாபாரிகளும் ஏராளம். ஆதரவே இல்லாமல் இருந்திருந்தால் பி.ஐ. இலவசம் வரைக்கும் இறங்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. அப்புறம், தோட்டத்துக்குப் போகிற ஒருவரை நினைத்துப் பாருங்க. கையில் இருப்பது வழிச்செலவுக் காசு, அதுவும் பெரும்பாலும் கங்காணியிடம் வாங்கிய முன்பணம், கணக்கில் கடனாக ஏறுவது. அவரிடம் போய் எட்டணா கொடுத்து தேசபக்தியைக் காட்டு என்று சொல்வதற்கு நாம் யார்?

இதை இப்படிப் பார்க்கலாம். பங்கு வாங்குவது ஒரு தடவை செய்கிற தியாகம். ஒரு கூட்டத்தில் நல்ல பேச்சைக் கேட்டு உணர்ச்சிவசப்பட்டு 25 ரூபாய் கொடுத்துவிடலாம். டிக்கெட் வாங்குவது ஒவ்வொரு பயணத்திலும் செய்ய வேண்டிய தியாகம். முதல் வகைத் தியாகத்தில் கப்பல் வாங்கலாம். இரண்டாவது வகையை நம்பிக் கப்பலை வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது.

ஓட்டுகிற ஆள்

படகு வாங்குகிறவர்களிடம் அனுபவசாலிகள் சொல்ல மறந்துவிடுகிற ஆறாவது கேள்வி ஒன்று உண்டு: நீங்க படுத்துட்டா யார் ஓட்டுவாங்க?

எங்கள் தொழிலில் இதற்கு 'பஸ் ஃபேக்டர்' என்று ஒரு பெயர் இருக்கு. ஒரு ப்ராஜெக்டில் எத்தனை பேர் திடீரென்று பஸ்ஸில் அடிபட்டால் வேலை நின்றுபோகும்? ஒரே ஆள் என்றால் அந்த ப்ராஜெக்ட் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சுதேசிக் கம்பெனியின் பஸ் ஃபேக்டர் ஒன்று. அந்த ஒருவர் வ.உ.சி.

காகிதத்தில் தலைவர் இருந்தார், இயக்குநர்கள் இருந்தார்கள். ஆனால் பங்கு விற்றது, வாடகைக் கப்பல் பேசியது, பம்பாய் போனது, பயணிகளைத் திரட்டியது எல்லாம் ஒரே ஆள். அந்த ஆளுக்கோ கப்பலைத் தாண்டிய நோக்கமும் இருந்தது. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார், சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து மேடை ஏறினார். கம்பெனியில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அரசியல் பேசினால் கப்பலுக்கு ஆபத்து என்பது அவர்கள் பயம்.

பயப்பட்டதில் தப்பில்லை. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் மூடின, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும், அவர் வெளியே வந்தது 1912 டிசம்பரில்.

ஆனால் வேறு கோணத்தில் பாருங்க. அந்த ஆள் அரசியல் பேசாமல் இருந்திருந்தால் 40,000 பங்கு அச்சடித்த கம்பெனியே வந்திருக்காது. எந்த நெருப்பு பாய்லரை மூட்டியதோ அதே நெருப்புதான் கப்பலையும் எரித்தது. இதில் வ.உ.சி.யைக் குறை சொல்லவும் முடியவில்லை, பயந்த இயக்குநர்களைத் துரோகி என்று சொல்லவும் மனசு வரவில்லை.

விற்கும்போது யார் வாங்குவார்?

ஐந்தாவது கேள்வி. ஓட்டுகிற ஆள் சிறையில், கட்டணம் தரையில். கம்பெனி தள்ளாடி 1911-ல் கலைக்கப்பட்டது. காலியா விற்கப்பட்டது. வாங்கியது யார் தெரியுமா? பி.ஐ. கம்பெனி. எந்தக் கம்பெனியின் ஆதிக்கத்தை உடைக்க அந்தக் கப்பல் வாங்கப்பட்டதோ, அதே கம்பெனி.

கேட்கும்போது வயிறு எரியும். வியாபாரமாகப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. ஒரு வழிக்காகவே வாங்கிய கப்பலுக்கு, அந்த வழியில் ஓட்டுகிறவன்தான் முதல் வாடிக்கையாளர். ஃப்ளோட்டில்லா கதையும் அதுதானே.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடல் வழியில் கப்பல். சென்னையில் ஏறுகிறவருக்குத் தூத்துக்குடி போய் ஒரு ராத்திரி கடலில் கழிக்க வேண்டிய தேவை குறைந்தது. சுதேசிக் கம்பெனி கட்டணப் போரைத் தாக்குப்பிடித்திருந்தால்கூட அடுத்த அடி ரயில் ரூபத்தில் வந்திருக்கும். முதல் கேள்விக்கு நூற்றுக்கு நூறு போட்டேன் அல்லவா? தண்ணீரும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

மோசமான கப்பல் வாங்கியும் பிழைத்தவர்கள்

இதுவரை கேட்டால், நல்ல கப்பலை வாங்கியவர் தோற்றார் என்று ஆகிறது. இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்றும் இருக்கு.

1919 ஏப்ரல் 5. பம்பாயிலிருந்து லண்டனுக்கு 'லாயல்டி' என்ற கப்பல் கிளம்புகிறது. சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் முதல் கப்பல். பின்னால் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலிய பம்பாய் முதலாளிகள். இந்த நாளைத்தான் இன்றைக்கும் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அந்தக் கப்பல் எப்படிப்பட்டது? 1891-ல் கட்டியது. கனடா கம்பெனி ஒன்றுக்காக 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் பசிபிக் கடலில் ஓடிய சொகுசுப் பயணக் கப்பல். குவாலியர் மகாராஜா வாங்கி, முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாகப் பயன்பட்டது. சிந்தியா வாங்கும்போது வயது 28. பழசு, பெரிசு, நிலக்கரி தின்னும். பண்ருட்டிக்காரர் பார்த்திருந்தால் "எஃப்.சி.க்கே செலவு கட்டுப்படியாகாதுங்க" என்று நகர்ந்திருப்பார். பயணிகள் தொழிலும் சரிப்படவில்லை, 1923-ல் அந்தக் கப்பலை உடைக்க விற்றுவிட்டார்கள்.

ஆனால் கம்பெனி பிழைத்தது. காரணம் கப்பல் இல்லை. அவர்களிடம் கோடிகளில் மூலதனம் இருந்தது, முதல் கப்பல் தந்த நஷ்டத்தைத் தாங்கி வேறு சரக்குக் கப்பல்கள் வாங்க முடிந்தது. ஒரு ஆள் போனால் அடுத்த ஆள் இருந்தார். அவர்களையும் பி.ஐ. கட்டணக் குறைப்பால் நெருக்கியது. 1923-ல் அதே பி.ஐ. கம்பெனியோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். எத்தனை கப்பல், எந்தக் கடற்கரை என்று கட்டுப்பாடுகள் கொண்ட, மனசுக்குக் கசப்பான ஒப்பந்தம். உயிரோடு இருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. வ.உ.சி. அப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாரா? போட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். போட்டிருந்தால் கம்பெனி இருந்திருக்கும், நாம் இன்றைக்கு அவரைப் பற்றி எபிசோடு போட்டிருக்க மாட்டோம்.

ஆக, நான் வந்து சேர்கிற இடம் இதுதான். முதல் கப்பல் வாங்குகிறவர் பெரும்பாலும் கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் தோற்பதில்லை. எத்தனை மாசம் நஷ்டத்தில் ஓட்ட முடியும் என்கிற கேள்விக்குத்தான் தோற்கிறார். கூடு வாங்கிய ஜோதிரிந்திரநாத்தும், நல்ல கப்பல் வாங்கிய வ.உ.சி.யும் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். கிழட்டுக் கப்பல் வாங்கிய சிந்தியாக்காரர்கள் தாண்டிப் போனார்கள். படகாக இருந்தாலும், லாரியாக இருந்தாலும், நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கிற ஸ்டார்ட்-அப்பாக இருந்தாலும், வாங்குவதற்காக ஒதுக்கிய பணத்துக்குப் பக்கத்தில், தோற்றுக்கொண்டே ஓட்டுவதற்கு என்று ஒரு பணம் தனியாக எழுதி வையுங்க. அந்த இரண்டாவது வரி காலியாக இருந்தால் முதல் வரியைத் தொடாதீங்க.

வ.உ.சி. சிறையிலிருந்து வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழில் செய்கிற உரிமையும் பறிபோயிருந்தது. அது பிற்பாடு நீதிபதி வாலஸ் என்ற ஆங்கிலேயரின் உதவியால் திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் பிள்ளை ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் அந்த மனிதர். 1936 நவம்பர் 18-ல் இறந்தார். 1961-ல் அவர் கதை சிவாஜி கணேசன் நடிப்பில் சினிமாவானது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பெயர் வைத்தார்கள்.

கோயம்புத்தூர் சிறையில் அவர் இழுத்த செக்கை இன்றைக்கும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் பார்க்கலாம். போகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறோம். கும்பிட வேண்டியதுதான். ஆனால் செக்கு அவர்கள் அவருக்குக் கொடுத்தது. கப்பல் அவர் தானாகத் தேடிப் போய் வாங்கியது. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால், ஒரு நிமிஷம் அந்த எட்டணா டிக்கெட்டையும் நினைத்துக்கொள்ளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.